தமக்கென்று கேட்ட சுதந்திரம்



ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வரலாறு அவர்களைப் பியூரிட்டன்கள் என்று அழைக்கிறது. தூய்மைவாதிகள் என்று நாம் எழுதுகிறோம். அவர்கள் எதை நம்பினார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? எதைக் கட்டினார்கள்? யாரைத் துரத்தினார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. தனக்கென்று சுதந்திரம் கேட்டுப் புறப்பட்ட ஒரு கூட்டம், அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கு மறுத்தால் என்ன ஆகும்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கும்.

முதலில், யார் இவர்கள்?

1534இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, ரோமாபுரிப் போப்பின் தலைமையை உதறிவிட்டுத் தன் நாட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். தலைமை மாறியது, சடங்குகள் பல மாறவில்லை. ஆயர்களின் அதிகாரம் அப்படியே இருந்தது. அலங்கார அங்கிகள் இருந்தன. விவிலியத்தில் இல்லாத விழாக்கள் இருந்தன. இவை அத்தனையையும் களைந்து சபையைத் தூய்மை செய்ய வேண்டும் என்று எழுந்தவர்களே பியூரிட்டன்கள். இவர்களில் ஒரு சாரார், இந்தச் சபை இனித் திருந்தாது, பிரிந்துவிடுவோம் என்றார்கள். அவர்கள் முதலில் ஹாலந்து நாட்டுக்குப் போய் லைடன் நகரில் வாழ்ந்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினரும் வேறு சிலருமாக 102 பேர் 1620இல் மேஃபிளவர் கப்பலில் ஏறிப் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் மடிந்தார்கள்.

இன்னொரு சாரார், பிரியாமல் உள்ளிருந்தே திருத்துவோம் என்றார்கள். ஆனால் அரசர் முதலாம் சார்லஸ் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். வில்லியம் லாட் என்ற ஆயரின் கெடுபிடி ஏறியது. தூய்மைவாதப் போதகர்கள் பிரசங்க மேடையை இழந்தார்கள். அப்போதுதான் ஜான் வின்த்ரோப் என்ற வழக்கறிஞரின் தலைமையில் 1630இல் அர்பெல்லா முதலான கப்பல்கள் மாசசூசெட்ஸை நோக்கிப் புறப்பட்டன. அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்து எனப்பட்ட அந்தக் கிழக்குக் கரைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது பொன் தேடிப் போன தனி ஆண்களின் கூட்டம் அல்ல. கணவன், மனைவி, குழந்தைகள், வேலையாட்கள் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். திரும்பி வரும் எண்ணத்தோடு போனவர்கள் குறைவு.

வின்த்ரோப் தம் மக்களுக்கு ஆற்றிய உரையில், மலைமேல் இருக்கும் நகரம் என்ற விவிலிய உவமையை எடுத்தாண்டார். உலகம் முழுவதும் நம்மைப் பார்க்கிறது, நாம் தவறினால் உலகத்துக்கே பழிப்பாவோம் என்பது அவர் கருத்து. நண்பர்களே, அந்த உரையில் பெருமையை விட அச்சமே மிகுதி. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய நம்பிக்கைக்குள் நாம் நுழைய வேண்டும்.

அவர்கள் எதை நம்பினார்கள்?

ஜெனீவாவின் ஜான் கால்வின் வகுத்த நெறி அவர்களுடையது. மனிதன் பிறவியிலேயே பாவி. அவன் செய்யும் நற்செயல் எதுவும் அவனை மீட்காது. யாருக்கு மீட்பு, யாருக்கு இல்லை என்பதைக் கடவுள் காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். கிருபை அவர் தருவது, யாரும் சம்பாதிப்பதல்ல. கேட்பதற்கு எளிய கொள்கை. வாழ்ந்து பார்ப்பதற்கு எத்தனை கடினம்! நான் தெரிந்தெடுக்கப்பட்டவனா, கைவிடப்பட்டவனா என்ற கேள்வியோடு ஒருவன் காலையில் எழுகிறான். அதே கேள்வியோடு இரவில் படுக்கிறான். விடை தெரியாது. ஆகவே தன் மனத்தைத் தானே துருவித் துருவிப் பார்க்கிறான். இன்று எனக்கு ஏன் கோபம் வந்தது? தொழுகையின்போது ஏன் மனம் அலைந்தது? நாட்குறிப்பில் எழுதி வைக்கிறான். தம் பாவங்களை இப்படி நாள்தோறும் கணக்கெழுதிப் பார்த்த சமூகங்கள் உலகில் அதிகம் இல்லை.

சபையில் முழு உறுப்பினராக வேண்டுமா? கிருபை தன்னைத் தொட்ட அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். சபையார் கேட்டு, ஆராய்ந்து, ஒப்புக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸில் 1631 முதல், சபை உறுப்பினரான ஆண்களுக்கே குடியேற்றத்தின் வாக்குரிமை. ஆக, அகத்தில் நடந்த அனுபவமே புறத்தில் அரசியல் தகுதியாயிற்று.

சரி, எப்படி வாழ்ந்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஓய்வுநாள் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். வேலை கூடாது, விளையாட்டுக் கூடாது, தேவையில்லாத பயணம் கூடாது. காலையில் ஊரே கூட்ட மண்டபத்துக்குப் போகிறது. அந்த மண்டபத்தில் சிலுவை இல்லை. வண்ணக் கண்ணாடி இல்லை. ஆர்கன் இசை இல்லை. குளிர்காலத்திலும் கணப்பு இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊரில் யாருக்கு எந்த மதிப்போ அதற்கேற்ற இருக்கை. போதகர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறார். மதியம் மீண்டும் கூட்டம், மீண்டும் பிரசங்கம். கேட்பவர்களில் சிலர் குறிப்பேடு கொண்டுவந்து எழுதிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் குழந்தைகளிடம் கேள்வி கேட்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் உண்டா? இல்லை. அந்த நாளைக் கொண்டாட விவிலியத்தில் கட்டளை இல்லை என்பது அவர்கள் வாதம். 1659இல் மாசசூசெட்ஸ் அதைச் சட்டமாகவே இயற்றியது. கிறிஸ்துமஸ் கொண்டாடுபவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்! 1681 வரை அந்தச் சட்டம் நின்றது. திருமணமோ அவர்களுக்குத் திருச்சபைச் சடங்கன்று. அது ஒரு குடிமை ஒப்பந்தம். நடத்தி வைத்தவர் நீதிபதி. ஒப்பந்தம் முறிந்தால் மணவிலக்கும் உண்டு. ஊர்ச் செய்திகளை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்தார்கள். சாலை, வேலி, மேய்ச்சல் நிலம், பள்ளி ஆசிரியர் சம்பளம் எல்லாம் அங்கே பேசப்பட்டன. 1641இல் எழுதிய உரிமைத் தொகுப்பு, மனைவியைக் கணவன் அடிக்கக் கூடாது என்றது; வளர்ப்பு விலங்குகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்றது. அதே தொகுப்பு, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விலைக்கு வந்தவர்களையும் அடிமைகளாக வைத்துக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தது. இரண்டையும் ஒரே கைதான் எழுதியது என்பதை நாம் மறக்கலாகாது.

இப்போது அவர்கள் செய்த மிகப் பெரிய காரியத்துக்கு வருகிறேன். அவர்கள் மக்களை வாசிக்கச் சொன்னார்கள்!

கடவுளின் சொல் விவிலியத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும். அப்படியானால் எழுத்தறியாமை ஆன்மாவுக்கே ஆபத்து. ஆகவே 1635இல் பாஸ்டனில் இலத்தீன் பள்ளி. 1636இல் ஒரு கல்லூரிக்காக ஆட்சி மன்றம் 400 பவுன் ஒதுக்கியது. இரண்டு ஆண்டு கழித்து இறந்த இளம் போதகர் ஜான் ஹார்வர்ட், தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அதற்கு விட்டுச் சென்றார். அவர் பெயரே கல்லூரிக்கு நிலைத்தது. 1642இல், பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருவது பெற்றோர் கடமை என்று சட்டம். 1647இல், ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், நூறு குடும்பம் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்று இன்னொரு சட்டம். காடு திருத்தி இன்னும் இருபது ஆண்டுகூட ஆகாத மண்ணில் இது நடந்தது! மனமாரப் பாராட்ட வேண்டிய செயல் இது.

ஆனால், நண்பர்களே, வாசிக்கத் தெரிந்தவர் வாசித்ததோடு நின்றுவிடுவாரா? வாசித்தவர் யோசிப்பார். யோசித்தவர் கேட்பார். கேட்டபோது என்ன நடந்தது?

ஆன் ஹட்சின்சன் என்ற அம்மையார் 1634இல் பாஸ்டனுக்கு வந்தார். பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர். மகப்பேறு பார்ப்பதில் கைதேர்ந்தவர். விவிலியம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுப் பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பெண்களைத் தம் வீட்டில் கூட்டினார். கூட்டம் வளர்ந்தது, அறுபது பேர்வரை வந்தார்கள், ஆண்களும் வந்தார்கள். நம் போதகர்களில் பலர், கிருபையைப் பேச வேண்டிய இடத்தில் செயலைப் பேசுகிறார்கள் என்றார் அவர். அதாவது, அவர்கள் கற்றுக்கொடுத்த கொள்கையை வைத்தே அவர்களை அளந்தார். 1637 நவம்பரில் விசாரணை. நீதி இருக்கையில் ஆளுநர் வின்த்ரோப்பே அமர்ந்திருந்தார். குற்றம் சாட்டியவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. இரண்டு நாள் அந்த அம்மையார் தனியாக நின்று மேற்கோளுக்கு மேற்கோள் விடையளித்தார். இறுதியில், கடவுள் தமக்கு நேரடியாக உணர்த்தினார் என்று சொன்னார். அது போதுமானதாயிற்று. நாடு கடத்தல் என்று தீர்ப்பு. எதற்காக என்று கேட்டார். காரணம் மன்றத்துக்குத் தெரியும் என்ற பொருளில்தான் விடை வந்தது.

அவருக்கு முன்பே ரோஜர் வில்லியம்ஸ் துரத்தப்பட்டார். அவர் இளம் போதகர். அரசு மனச்சாட்சியில் கை வைக்கக் கூடாது என்றார். பூர்வகுடிகளிடம் முறையாக வாங்காத நிலத்தை இங்கிலாந்து அரசர் எப்படி உங்களுக்குத் தர முடியும் என்று கேட்டார். இந்தக் கேள்விதான் ஆட்சியாளர்கள் நெஞ்சில் தைத்தது. 1636 தொடக்கத்தில், பனி கொட்டும் காலத்தில், காட்டுவழியே தப்பிப் போனார். நராகன்செட் மக்கள் நிலம் தந்தார்கள். அங்கே பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். யாருடைய நம்பிக்கையும் அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் அந்த ஊரிலிருந்து வளர்ந்த ரோட் ஐலண்டு குடியேற்றத்தில் நிம்மதியாக வாழ இடம் கிடைத்தது.

மேரி டையர் கதை இதைவிடக் கொடியது. ஹட்சின்சன் அம்மையாரைச் சபை விலக்கிய நாளில், எழுந்து அவரோடு கூடவே நடந்து வெளியேறியவர் இவர். பிறகு குவேக்கர் நெறியைத் தழுவினார். குவேக்கர்கள் பாஸ்டனுக்குத் திரும்பி வந்தால் மரணம் என்று சட்டம் இருந்தது. இவர் திரும்பி வந்தார். 1659இல் இரண்டு தோழர்கள் தம் கண்முன்னே தூக்கிலிடப்பட, இவரைத் தூக்குமேடையிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். மறு ஆண்டு மீண்டும் வந்தார். 1660 ஜூன் 1ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். அவர் செய்த குற்றம் என்ன? வேறு விதமாக வழிபட்டதும், அந்தச் சட்டத்துக்கு அஞ்சாததும்தான்.

பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது என்ன? பிளிமத்தின் முதல் ஆண்டுகளில் வாம்பனோவாக் தலைவர் மசசோயிட் குடியேறியவர்களோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார். அந்த மண்ணில் சோளம் பயிரிடும் முறையை டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி கற்றுக்கொடுத்தார். ஆனால் 1637 மே மாதத்தில் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் ஊரைக் குடியேறியவர்கள் விடியற்காலையில் வளைத்துத் தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தப்பியவர்களில் பலர் அடிமைகளாக்கப்பட்டார்கள். சிலரை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1675இல் மசசோயிட்டின் மகன் மெட்டகோம் எதிர்த்துப் போர் தொடுத்தார். மறு ஆண்டு அவரைக் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் ஏற்றிப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். தந்தை நட்புக் கொண்டு காத்த ஊரில் மகனுக்கு நேர்ந்த கதி அது.

ஆனால் இங்கேயும் அந்த எழுத்தின் வேலையைப் பாருங்கள். ஜான் எலியட் என்ற போதகர், பூர்வகுடி உதவியாளர்களின் துணையோடு அவர்களுடைய மொழியில் முழு விவிலியத்தையும் பெயர்த்தார். அது 1663இல் கேம்பிரிட்ஜில் அச்சாயிற்று. அமெரிக்க மண்ணில் அச்சான முதல் விவிலியம் அதுவே. மதம் மாற்ற அச்சிட்ட அந்த நூல், பேச்சு வழக்கிழந்த தங்கள் மொழியை வாம்பனோவாக் மக்கள் 1990களில் மீட்கத் தொடங்கியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது.

இப்போது 1692க்கு வருவோம். மாசசூசெட்ஸின் சேலம் கிராமம்.

போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு இனம்புரியாத வலிப்பு. மருந்துக்குக் கட்டுப்படவில்லை. சூனியம் என்றார்கள். விரல் ஒருவரை நோக்கி நீண்டது, பிறகு இன்னொருவரை நோக்கி நீண்டது. நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவருடைய ஆவி உருவம் என்னை வதைத்தது என்று இன்னொருவர் சொன்னாலே அது சாட்சியாக ஏற்கப்பட்டது. மறுக்க வழி உண்டா? என் ஆவி அங்கே வரவில்லை என்று யார் நிரூபிக்க முடியும்?

ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். வயது 71. பக்தி மிக்கவர். அவருக்காக அண்டை அயலார் 39 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். நடுவர்கள் முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் கூச்சல் எழுந்தது. மறுபடி யோசியுங்கள் என்றார் தலைமை நீதிபதி. ரெபெக்காவிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. காது மந்தமான அந்த அம்மையார் விடை சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 19ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கில் மாண்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிடப்படவில்லை. பொய் சொல்ல மறுத்தவர்களே தூக்கில் ஏறினார்கள். உண்மைக்காகவே கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய நீதிமன்றம் இப்படி நடந்தது!

இங்கே நான் பேச்சை முடித்துவிட்டால் அது அநியாயம். ஏனென்றால் ஐந்து ஆண்டு கழித்து இன்னொன்று நடந்தது.

1697 ஜனவரி 14. நடந்த தவறுக்காக மாசசூசெட்ஸ் முழுவதும் நோன்பு நாள். பாஸ்டன் ஆலயத்தில் கூட்டம். சேலம் வழக்குகளில் நீதிபதியாக இருந்த சாமுவேல் செவால் ஒரு தாளைப் போதகரிடம் கொடுத்தார். அவருடைய சிறு மகள் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போதகர் அந்தத் தாளைப் படிக்கப் படிக்க, ஊரார் எல்லாரும் பார்க்க, செவால் எழுந்து நின்றார். அந்தப் பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக அதில் எழுதியிருந்தார். படித்து முடித்ததும் தலை வணங்கினார். நடுவர்கள் பன்னிருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டாட்டன் கடைசிவரை கேட்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1700இல், அடிமை முறையை எதிர்த்து ஒரு சிறு நூல் பாஸ்டனில் அச்சானது. எழுதியவர் யார் தெரியுமா? அதே சாமுவேல் செவால்!

தம் மனத்தைத் தாமே துருவிப் பார்க்கும் அந்தப் பழக்கம், இங்கே ஒரு நீதிபதியைத் தம் ஊரார்முன் எழுந்து நிற்க வைத்தது. அவர்கள் விதைத்ததில் மிகச் சிறந்த விளைச்சல் இதுதான் என்பேன்.

நண்பர்களே, இந்தக் கதையின் ஒரு கிளை நம் மண்ணையும் தொட்டிருக்கிறது. பாஸ்டனில் பிறந்து சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கனெக்டிகட்டில் தூய்மைவாதப் போதகர்கள் தொடங்கிய கல்லூரிக்கு 1718இல் அவர் அனுப்பிய பொருள்களும் நூல்களுமே அதற்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அவருடைய செல்வம் சென்னையில் சேர்த்தது. நூறாண்டு கழித்து, அதே தூய்மைவாத மரபில் வந்த அமெரிக்கப் போதகர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் டானியல் பூவர் பிறந்த டான்வர்ஸ் எது தெரியுமா? பழைய சேலம் கிராமம்தான்! கிறிஸ்தவம் பரப்ப நடத்திய அந்தக் கல்லூரியில் படித்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அவர் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். கற்றுக்கொடுத்தவர் நினைத்த வழியிலேயே கற்றவர் போவதில்லை. பாஸ்டனில் ஆன் ஹட்சின்சன் காட்டியதும் அதுவே, வட்டுக்கோட்டையில் தாமோதரம்பிள்ளை காட்டியதும் அதுவே.

அப்படியானால் பியூரிட்டன்களைப் பற்றி நம் தீர்ப்பு என்ன? கொடியவர்கள் என்று ஒதுக்கிவிடலாமா? பள்ளி தந்தவர்களை, ஊர்க்கூட்டம் தந்தவர்களை, தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு தந்தவர்களை எப்படி ஒதுக்குவது? உத்தமர்கள் என்று கொண்டாடிவிடலாமா? மிஸ்டிக்கில் எரிந்தவர்களுக்கும் தூக்கில் ஏறிய மேரி டையருக்கும் என்ன பதில் சொல்வது? என் தீர்ப்பு இது. அவர்கள் சுதந்திரத்தை நேசித்தார்கள். ஆனால் அதைத் தங்கள் உடைமை என்று நினைத்தார்கள். அங்கேதான் தவறினார்கள்.

மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகை வளாகத்தில் இன்று ஆன் ஹட்சின்சனுக்குச் சிலை இருக்கிறது. மேரி டையருக்கும் சிலை இருக்கிறது. ரோஜர் வில்லியம்ஸைத் துரத்திய ஆணையை அந்த மாநிலச் சட்டமன்றம் 1936இல் நீக்கியது. சேலத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசிப் பெயர் 2022இல்தான் குற்றமற்றது என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தவறைத் திருத்த 330 ஆண்டு!

அவ்வளவு காலம் நாமும் காத்திருக்க வேண்டுமா? நம் வீட்டில், நம் தெருவில், நம் சங்கத்தில், நம் கட்சியில் மாற்றுக் கருத்துச் சொல்பவர் ஒருவர் இன்றும் இருக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அவருக்குத் தீங்கு செய்திருந்தால், செவாலைப் போல எழுந்து நின்று ஒப்புக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டும் என்று நாம் கேட்கும் சுதந்திரத்தை, நம்மோடு ஒத்துப்போகாதவருக்கும் தருவோம். இதுவே நான் உங்களிடம் வைக்கும் ஒரே வேண்டுகோள்.